வீட்டுக் கணினியில் பாஸ்வேர்ட் கேட்பதை நிறுத்தலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அப்பாவுக்கு 74 வயது, அம்மாவோடு ஊரில் இருக்கிறார். வீட்டில் விண்டோஸ் 11 உள்ள டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. அதில் பேப்பர் படிக்கிறார், யூட்யூபில் கச்சேரி கேட்கிறார், பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசுகிறார். ஆன் செய்யும்போதெல்லாம் பாஸ்வேர்ட் கேட்கிறது. அவர் தப்பாக அடிக்கிறார், அப்புறம் வேறு ஊரில் வேலையில் இருக்கும் உங்களுக்கு போன் வருகிறது. நெட்டில் படித்த ஒரு வழியை முயன்றீர்கள், ஆனால் அதில் சொன்ன டிக் கட்டமே உங்கள் கணினியில் இல்லை. பாஸ்வேர்டை எடுத்துவிட முடியுமா, எடுத்தால் ஆபத்தா என்பது உங்கள் கேள்வி.

எடுக்க முடியும். மேசையை விட்டு நகராத டெஸ்க்டாப், அதைத் தொடுவது வீட்டு ஆட்கள் மட்டும் என்றால் எடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அதை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இந்தப் பதிலில் பெரும் பகுதி அதைப் பற்றித்தான். வீடுகளுக்குப் போய்க் கணினி சரிசெய்யும் வேலையில் 20 வருடங்களுக்கு மேல் இருக்கிறேன். பாஸ்வேர்ட் இல்லாததால் நஷ்டப்பட்ட வீடுகளைவிட, பாஸ்வேர்டில் குழம்பித் தங்கள் சொந்தக் கணினிக்குள் போக முடியாமல் நின்ற வீடுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில், அப்பா ஏன் தப்பாக அடிக்கிறார் என்று பாருங்கள். அது உண்மையில் மறதிதானா? அவர் தமிழில் டைப் செய்பவர் என்றால் கணினியில் தமிழ் விசைப்பலகையும் சேர்த்திருப்பீர்கள். உள்நுழையும் திரையில் மொழி தமிழில் நின்றுவிட்டால் அவர் சரியான சாவிகளைத் தட்டினாலும் உள்ளே விழுவது வேறு எழுத்து. திரையில் புள்ளிகள் மட்டும் தெரிவதால் அவருக்கு எதுவும் புரியாது. அந்தத் திரையின் வலது கீழ் மூலையில் எந்த மொழி என்று காட்டும், விண்டோஸ் சாவியோடு ஸ்பேஸ் தட்டினால் மாறும். பாஸ்வேர்ட் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திக்கொண்டிருந்தால் அடித்தது கண்ணுக்குத் தெரியும். வலப்பக்க எண் பலகையில் பின் எண் (PIN, பாஸ்வேர்டுக்குப் பதிலாக அடிக்கும் எண்) அடிப்பவர்களுக்கு, அந்தப் பலகையை ஆன் செய்யும் நம்லாக் அணைந்திருந்தால் எண்ணே விழாது. இன்னொன்றும் உண்டு. பின் எண்ணைச் சில தடவை தப்பாக அடித்தால் விண்டோஸ் 'ஏ1பி2சி3' என்று டைப் செய்யச் சொல்லும். மனிதர்தான் அடிக்கிறாரா, ஏதாவது சாவி சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது. பெரியவர்கள் அதைப் பார்த்ததும் கணினியை யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்று பயந்துபோகிறார்கள். காரணம் இவற்றில் ஒன்றாக இருந்தால் பாஸ்வேர்டை எடுக்கவே தேவையில்லை. நான்கு இலக்கப் பின் எண் ஒன்றை அவருக்கு மறக்காத எண்ணாக வைத்துக் கொடுத்தாலே பிரச்சினை தீர்ந்துவிடும்.

பின் எண்ணைப் பலர் சின்னப் பாஸ்வேர்ட் என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். இரண்டும் வேறு. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டின் பாஸ்வேர்ட் உலகத்தில் எந்தக் கணினியிலிருந்தும் அந்த அக்கவுன்டைத் திறக்கும். பின் எண்ணோ அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. அது கணினியை விட்டு வெளியே போவதில்லை. மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டுண்டிருக்கிறது, தொடர்ந்து தப்பாக அடித்தால் அந்தச் சிப்பே கதவை அடைத்துவிடும். அதனால் நீளமான பாஸ்வேர்டை எழுதி மானிட்டரில் ஒட்டி வைப்பதைவிட நான்கு இலக்கப் பின் எண் எவ்வளவோ மேல். கைரேகை வைக்கும் யுஎஸ்பி கருவி டெஸ்க்டாப்புக்கும் கிடைக்கிறது. ஆனால் வயதானவர்களின் விரலில் ரேகை தேய்ந்துபோய் ரேஷன் கடை மெஷினில் பதியாமல் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே கதைதான். காசு கொடுத்து வாங்கும் முன் யோசியுங்கள்.

சரி, பின் எண்ணும் வேண்டாம், ஆன் செய்தால் நேராகத் திறக்க வேண்டும் என்றால், அந்த முதல் திரை எதைக் காக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆன் செய்ததும் கேட்கும் பாஸ்வேர்ட், டிஸ்கில் இருக்கும் கோப்புகளுக்குப் பூட்டு அல்ல. வாசலில் நின்று யார் என்று கேட்கும் ஆள், அவ்வளவுதான். டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ, பென் டிரைவில் இருக்கும் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைக் கொண்டு கிளப்பினாலோ அந்த ஆளைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. போட்டோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் அப்படியே திறக்கும். பாஸ்வேர்ட் தெரியாத பழைய கணினிகளிலிருந்து சர்வீஸ்காரர்கள் டேட்டா எடுத்துத் தருவது இந்த வழியில்தான். விண்டோஸ் 98 காலத்தில் அந்த ஆளும் பேருக்குத்தான் நின்றார். பாஸ்வேர்ட் கேட்கும்போது எஸ்கேப் சாவியைத் தட்டினால் உள்ளே விட்டுவிடும். எக்ஸ்பி காலத்திலும் பெரும்பாலான வீடுகளில் பாஸ்வேர்ட் கிடையாது, யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. 2012-ல் விண்டோஸ் 8 வந்து, மெயில் அக்கவுன்டைக் கொண்டே கணினிக்குள் நுழையும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் வீட்டுக் கணினியின் பாஸ்வேர்ட் இவ்வளவு கனமான பொருளாக மாறியது.

டிஸ்கில் இருப்பதை உண்மையில் காப்பது என்கிரிப்ஷன், அதாவது முழு டிஸ்கையும் சங்கேதமாக்கி வைப்பது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் இதன் பெயர் டிவைஸ் என்கிரிப்ஷன், ப்ரோ பதிப்பில் பிட்லாக்கர். நான் முன்னால் சொன்ன 'பார்த்தே ஆக வேண்டிய' விஷயம் இதுதான். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 வெளியீட்டிலிருந்து, புதிய கணினியை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு அமைத்தாலோ, விண்டோஸைப் புதிதாக ஏற்றினாலோ, தகுதியுள்ள கணினிகளில் இது தானாகவே ஆன் ஆகிறது. முன்பு பெரும்பாலும் சில வகை லேப்டாப்புகளோடு நின்றது, இப்போது டெஸ்க்டாப்புகளுக்கும் வந்துவிட்டது. பழைய வெளியீட்டிலிருந்து அப்டேட் ஆகி வந்த கணினியில் தானாக ஆன் ஆகாது. உங்கள் அப்பாவின் கணினி எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் ஆன் ஆகியிருக்கிறதா இல்லையா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. செட்டிங்ஸில் 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் போய், டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற வரி இருக்கிறதா, இருந்தால் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இது ஏன் முக்கியம் என்று ஒரு வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் புதுக் கணினி வாங்கினார். விற்ற கடையில் இருந்த பையன் அந்த நேரத்துக்கு ஏதோ ஒரு மெயில் ஐடியை உருவாக்கி, அதைப் போட்டு விண்டோஸை அமைத்து, பின் எண் ஒன்று வைத்துக் கொடுத்துவிட்டான். இரண்டு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு மழை நாளில் மின்சாரம் ஏறி இறங்கி மதர்போர்ட் போய்விட்டது. வேறு போர்ட் மாற்றி ஆன் செய்ததும் நீலத் திரையில் 48 இலக்க ரெகவரி கீ கேட்டது. பழைய போர்டின் சிப்பில்தான் டிஸ்கின் சாவி இருந்தது, புதுப் போர்டுக்கு டிஸ்க் திறக்கவில்லை. அந்த 48 இலக்கமோ கடைப் பையன் உருவாக்கிய மெயில் அக்கவுன்டுக்குள் இருந்தது. அந்த ஐடி எது என்று ஆசிரியருக்குத் தெரியாது. பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், அவனுக்கும் நினைவில்லை. அவர் மனைவியின் கடைசி வருடப் போட்டோக்கள் அந்த டிஸ்கில் இருந்தன. டிஸ்க் முழுசாக, பழுதில்லாமல் என் கையில் இருந்தது, ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. அந்தக் கீ இல்லாமல் என்னாலும் முடியாது, வேறு யாராலும் முடியாது. முடியும் என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வேலை. செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்' போய் 'யுவர் இன்ஃபோ'வில் எந்த மெயில் ஐடி இருக்கிறது என்று பாருங்கள். அது அப்பாவுடையதோ உங்களுடையதோதானா? அதன் பாஸ்வேர்ட் யாருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால், கணினி திறந்துகொண்டிருக்கும் இப்போதே அதைச் சரிசெய்யுங்கள். அடுத்து, என்கிரிப்ஷன் ஆனில் இருந்தால் அதே அக்கவுன்டில் ப்ரவுசர் வழியாக நுழைந்து, 'டிவைசஸ்' பகுதியில் அந்தக் கணினிக்கான ரெகவரி கீயை எடுத்து, 48 இலக்கத்தையும் தாளில் எழுதி, ரேஷன் கார்டும் பாஸ்புக்கும் இருக்கும் பீரோவில் வையுங்கள். அந்தக் கணினியிலேயே ஒரு ஃபைலாகச் சேமித்து வைக்காதீர்கள், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலாகிவிடும்.

இனி உங்கள் கணினியில் இல்லாத அந்த டிக் கட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் படித்த வழி நெட்பிள்விஸ். விண்டோஸ் சாவியோடு ஆர் தட்டி என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட் என்று அடித்தால் வரும் பழைய பெட்டி. 'பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தே ஆக வேண்டும்' என்ற பொருளில் ஒரு கட்டம் அதில் இருக்கும், டிக்கை எடுத்தால் தானாக உள்ளே போகும். 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 வெளியீட்டிலிருந்து அந்தக் கட்டத்தை மறைக்கும் ஸ்விட்ச் ஒன்று வந்தது. செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' என்று போய்க் கீழே இறங்கினால், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்களுக்கு விண்டோஸ் ஹலோ வழியாக மட்டுமே அனுமதி என்று சொல்லும் ஒரு வரி இருக்கும். பின் எண், முகம், கைரேகை மூன்றையும் சேர்த்துத்தான் ஹலோ என்கிறார்கள். அந்த ஸ்விட்சை அணைத்துவிட்டு நெட்பிள்விஸ் பெட்டியை மூடித் திறந்தால் கட்டம் வந்துவிடும். பின் எண்ணை நீக்கும் பட்டன் மங்கலாக, அழுத்த முடியாமல் இருப்பதற்கும் இதே ஸ்விட்ச்தான் காரணம். இதை அணைக்காமல், விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எண்ணை மாற்றச் சொல்லும் குறிப்புகளும் உலவுகின்றன. ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பது அப்பாவுக்கு போனில் சொல்லிக்கொடுத்துச் செய்யும் வேலை அல்ல.

கட்டம் வந்த பிறகும் பாதிப் பேருக்கு இது வேலை செய்வதில்லை. டிக்கை எடுத்து ஓகே கொடுத்ததும் ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்ட் கேட்கும். தினமும் பின் எண் அடித்துப் பழகியவர்கள் அங்கேயும் அதையே அடிக்கிறார்கள். நீங்கள் அடிப்பது சரியா என்று விண்டோஸ் அந்த இடத்தில் சோதிப்பதில்லை, எதை அடித்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். மறுநாள் ஆன் செய்யும்போது பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்று நிற்கும். அங்கே கேட்பது அக்கவுன்டின் முழுப் பாஸ்வேர்ட். பாஸ்வேர்டையே நீக்கிவிட்டு அக்கவுன்டை நடத்தும் வசதியை 2021-லிருந்து மைக்ரோசாஃப்ட் கொடுக்கிறது. அப்படி நீக்கப்பட்ட அக்கவுன்ட் என்றால் இந்தப் பெட்டியில் கொடுக்கவே எதுவும் இருக்காது, இந்த வழி நடக்காது.

நடந்தாலும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வைத்திருக்கும் கணினியில் நெட்பிள்விஸை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இந்த வழியில் பாஸ்வேர்ட் நீங்குவதில்லை, உங்களுக்குப் பதிலாக விண்டோஸ் அதைச் சொல்கிறது. அதற்காக அதைக் கணினிக்குள் சேமித்து வைக்கிறது. சங்கேதமாக்கித்தான் வைக்கிறது, ஆனால் அட்மின் உரிமையோடு, அதாவது கணினியில் எதையும் மாற்றும் உரிமையோடு ஓடும் ஒரு புரோகிராம் அதை வெளியே எடுக்க முடியும், இது உறுதி. ரெஜிஸ்ட்ரியில் கையால் எழுதிச் செய்யும் முறையில் இன்னும் மோசம், பாஸ்வேர்ட் எல்லோரும் படிக்கும் எழுத்தாகவே கிடக்கும். அந்தப் பாஸ்வேர்ட் அப்பாவின் மெயிலையும் திறக்கக்கூடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நான் என் பொறுப்பில் உள்ள வீடுகளில் செய்வது வேறு. கணினியில் இரண்டு அக்கவுன்ட். அப்பாவுடையது பாஸ்வேர்டே இல்லாத லோக்கல் அக்கவுன்ட் (மெயில் ஐடியோடு சேராமல் அந்தக் கணினியில் மட்டும் இருப்பது), சாதாரணப் பயனர் உரிமை மட்டும். இன்னொன்று உங்களுடையது, பாஸ்வேர்ட் உள்ள அட்மின். அப்பாவுக்குப் புது அக்கவுன்ட் உருவாக்க வேண்டாம். உருவாக்கினால் அவருடைய டெஸ்க்டாப், படங்கள், ப்ரவுசர் எல்லாம் பழைய அக்கவுன்டிலேயே தங்கிவிடும், 'என் கம்ப்யூட்டரில் ஒன்றுமே இல்லை' என்று மறுபடி போன் வரும். இருக்கிற அக்கவுன்டையே மாற்றுங்கள். வரிசை முக்கியம்: முதலில் நான் சொன்ன ஹலோ ஸ்விட்சை அணைக்க வேண்டும், அதன் பிறகு பின் எண்ணை நீக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் 'யுவர் இன்ஃபோ'வில் லோக்கல் அக்கவுன்டுக்கு மாறும் வழியை எடுக்க வேண்டும். பழைய பாஸ்வேர்டை ஒரு முறை கேட்கும், கொடுங்கள். புதுப் பாஸ்வேர்ட் கேட்கும் கட்டங்களை வெறுமையாக விட்டு மேலே போங்கள். பின் எண்ணை நீக்காமல் மாறினால், பாஸ்வேர்ட் போயும் பின் எண் கேட்டுக்கொண்டே இருக்கும். பிறகு 'அதர் யூசர்ஸ்' பகுதியில், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாத பயனராக உங்களைச் சேர்த்து, பாஸ்வேர்ட் வைத்து, அட்மின் ஆக்கி, அதற்குள் ஒரு தடவை நுழைந்து அங்கிருந்து அப்பாவைச் சாதாரணப் பயனராக மாற்றுங்கள்.

மாற்றுவதற்கு முன், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவைப் பாருங்கள். அப்பாவின் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்ட்ரைவுக்குள் போயிருக்கலாம். கோப்பின் பக்கத்தில் மேகப் படம் மட்டும் இருந்தால் அது டிஸ்கில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஃபோல்டரை வலது க்ளிக் செய்து 'எப்போதும் இந்தச் சாதனத்தில் வை' என்ற பொருளில் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, எல்லாம் இறங்கி முடியும்வரை காத்திருங்கள். இரவு முழுக்க ஆகும் என்றாலும் பரவாயில்லை.

பாஸ்வேர்டே இல்லை என்றதும் நெட் வழியாக யாராவது நுழைந்துவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். இங்கே விண்டோஸில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. எக்ஸ்பி காலத்திலிருந்தே, பாஸ்வேர்ட் இல்லாத லோக்கல் அக்கவுன்டை அந்தக் கணினியின் முன் உட்கார்ந்துதான் திறக்க முடியும். நெட்வொர்க் வழியாகவோ ரிமோட் டெஸ்க்டாப் (வேறு கணினியிலிருந்து இதை இயக்கும் வசதி) வழியாகவோ அதன் பெயரில் நுழைய விடாது. அந்த ஒரு விஷயத்தில் '1234' என்று பாஸ்வேர்ட் வைப்பதைவிட வெறுமையாக விடுவதே பாதுகாப்பு. இதனாலேயே, வீட்டிலிருக்கும் இன்னொரு கணினியிலிருந்து அப்பாவின் அக்கவுன்ட் பெயரில் ஃபைல் ஷேர் திறக்க முயன்றால் நடக்காது. அதற்காக இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லும் குறிப்பு ஏதாவது கண்ணில் பட்டால் தொடாதீர்கள்.

கணினியில் இரண்டு அக்கவுன்ட் இருப்பதால் ஆன் செய்ததும் அப்பாவின் பெயரோடு ஒரு திரை வந்து நிற்கும். 'சைன் இன்' என்ற பட்டனை ஒரு தடவை அழுத்தினால் போதும். பெரும்பாலான பெரியவர்களுக்கு அது சிரமமில்லை. அதுவும் வேண்டாம் என்றால், இப்போது நெட்பிள்விஸில் அப்பாவின் பெயரைத் தேர்ந்து டிக்கை எடுத்து, பாஸ்வேர்டை வெறுமையாகக் கொடுங்கள். சேமித்து வைக்க ரகசியம் எதுவும் இல்லாததால் முன்பு சொன்ன ஆட்சேபம் இங்கே இல்லை.

தூங்கி எழும்போது கேட்பது தனி செட்டிங். அதே சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில், நீங்கள் எழுந்து போயிருந்தால் மறுபடி எப்போது கேட்க வேண்டும் என்ற வரியை 'நெவர்' ஆக்குங்கள். ஸ்க்ரீன்சேவர் போட்டிருந்தால் அதன் பெட்டியில் இருக்கும் டிக்கையும் எடுங்கள்.

பாஸ்வேர்டை எடுத்த பிறகு உண்மையில் கவனிக்க வேண்டியது ப்ரவுசரை. கணினி திறந்தால் மெயில் திறந்திருக்கிறது, வாட்ஸாப் வெப் திறந்திருக்கிறது, சேமித்த பாஸ்வேர்ட்கள் தானாக நிரம்புகின்றன. வீட்டு வேலைக்கு வருபவர், மாடியில் குடியிருப்பவரின் பிள்ளைகள், கேபிள் பார்க்க வந்தவர் என்று யாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. அவர்கள் கையில் படும் இடத்தில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று மட்டும் பாருங்கள். வங்கிப் பாஸ்வேர்டை ப்ரவுசரில் சேமிக்க வேண்டாம், இருந்தால் நீக்குங்கள். பிள்ளைகள் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கணினியை அமைக்கும்போது ஏதோ ஒரு வசதிக்காகத் தங்கள் சொந்த கூகுள் அக்கவுன்டில் க்ரோமுக்குள் நுழைந்து, சிங்க் செய்ய ஒத்துக்கொண்டு, அப்படியே விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் பல வருடமாகச் சேமித்த பாஸ்வேர்ட்கள் எல்லாம் அந்தக் கணினிக்கு வந்து சேர்ந்துவிடும். நீங்கள் அப்படி நுழைந்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள்.

அப்பாவைச் சாதாரணப் பயனர் ஆக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. இன்று வயதானவர்களைக் குறிவைக்கும் மோசடிக்காரர் யாரும் உள்நுழையும் பாஸ்வேர்டை உடைத்து வருவதில்லை. போன் செய்து, கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, அப்பாவையே கணினியைத் திறக்க வைக்கிறார்கள். அந்த இடத்தில் பாஸ்வேர்ட் இருந்தும் பயனில்லை. சாதாரணப் பயனராக இருந்தால் எதையாவது இன்ஸ்டால் செய்யப் போகும்போது உங்கள் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்கும், அப்பா உங்களை அழைப்பார். இது முழுக் காப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து கணினியை இயக்க விடும் எனிடெஸ்க் போன்றவை இன்ஸ்டால் ஆகாமலே ஓடும், அவற்றை இது தடுக்காது. பீரோவில் வைக்கும் அந்தத் தாளில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் எழுதி வையுங்கள். ஒன்பது இலக்கமோ ஆறு இலக்கமோ, திரையில் தெரியும் எண்ணைப் போனில் யாருக்கும் படித்துச் சொல்லக் கூடாது என்று அப்பாவிடமும் அம்மாவிடமும் நேரில் சொல்லுங்கள்.

என்கிரிப்ஷனை அப்படியே விடலாமா, அணைக்கலாமா? இது அபிப்பிராயம்தான், என்னோடு ஒத்துப்போகாத நல்ல தொழில்காரர்கள் உண்டு. டிபிஎம் சிப் மட்டுமே காவல் என்றால், ஆன் செய்ததும் டிஸ்க் தானாகத் திறந்துகொள்கிறது. அதற்கு மேல் விண்டோஸும் எதையும் கேட்பதில்லை என்றால், கணினியை முழுதாகத் தூக்கிப் போகும் திருடனுக்கு அது தடையே இல்லை. மிஞ்சும் பயன், டிஸ்கை மட்டும் கழற்றிப் பார்ப்பவரிடமிருந்தும், நாளைக்குப் பழைய டிஸ்கைத் தூக்கிப் போடும்போதும். எதிர்ப்பக்கத்தில் ஆசிரியர் வீட்டில் நடந்தது இருக்கிறது. நகராத டெஸ்க்டாப், பாஸ்வேர்டும் இல்லை, ரெகவரி கீயைப் பத்திரமாக வைக்க ஆளும் இல்லை என்றால் நான் அணைத்துவிடுவேன். கீ பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்றால் விட்டுவிடுவேன்.

லேப்டாப் என்றால், பாஸ்வேர்டை எடுக்கலாம் என்று மேலே சொன்னது பொருந்தாது. பஸ்ஸில் மறந்து வைக்கக்கூடிய பொருளில் பாஸ்வேர்ட் கேட்பதை நிறுத்தினால் என்கிரிப்ஷனும் சேர்ந்தே வீணாகிறது. பின் எண்ணோ கைரேகையோ இருந்தே ஆக வேண்டும். மேக் வைத்திருப்பவர்களுக்கு 'யூசர்ஸ் அண்ட் க்ரூப்ஸ்' பகுதியில் தானாக நுழையும் வசதி இருக்கிறது, ஃபைல்வால்ட் என்ற மேக்கின் டிஸ்க் என்கிரிப்ஷன் ஆனில் இருந்தால் அது கிடைக்காது. லினக்ஸ் வகையான உபுண்டுவில் யூசர்ஸ் பகுதியில் 'ஆட்டோமேட்டிக் லாகின்' ஸ்விட்ச். அதைப் போட்ட பிறகு கீரிங் திறக்கப் பாஸ்வேர்ட் வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் பாஸ்வேர்ட் அடிக்காததால் சேமித்த ரகசியங்களின் பெட்டி பூட்டியே இருக்கிறது, அதைத்தான் கேட்கிறது.

எல்லாம் முடிந்ததும் கணினியை இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்தும், ஒரு தடவை தூங்க வைத்து எழுப்பியும் பாருங்கள். இன்னொரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு சில சமயம் 'உங்கள் கணினியை அமைத்து முடிப்போம்' என்று முழுத் திரையில் விண்டோஸ் வந்து நிற்கும். அப்பா ஒவ்வொன்றுக்கும் நெக்ஸ்ட் கொடுத்துக்கொண்டே போனால் பழையபடி மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டும் பின் எண்ணும் வந்து உட்கார்ந்துவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் அடியில் இருக்கும் கூடுதல் செட்டிங்ஸில், கணினியை அமைத்து முடிக்க யோசனை சொல்லும் வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள். இதை அப்பாவின் அக்கவுன்டுக்குள் இருந்தே செய்ய வேண்டும், உங்கள் அட்மின் அக்கவுன்டில் செய்தால் அவருக்குப் பொருந்தாது.

இவற்றையெல்லாம் போனில் செய்யச் சொல்லாமல், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நேரில் உட்கார்ந்து செய்யுங்கள், ஒரு மணி நேரம் போதும். இப்போதைக்கு அப்பாவிடம் கேட்க வேண்டியது இரண்டே விஷயம்: 'யுவர் இன்ஃபோ'வில் எந்த மெயில் ஐடி இருக்கிறது, டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா. அந்த இரண்டையும் இங்கே எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன். மெயில் ஐடியை முழுதாக எழுத வேண்டாம், அது உங்கள் குடும்பத்துடையதா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும்.